நிறுத்துறதுதான் வரல

டி-யில் போடுங்க என்று சௌடேஸ்வரி சொன்னாள், போட்டேன், பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், வண்டி தானாக நகர்ந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. இந்த வண்டியின் விசேஷமே இதுதான், நாம் ஒன்றும் செய்யாவிட்டால் நிற்காது, போகும். முதல் நாள் இதைச் சொன்னபோது எனக்கு விளங்கவேயில்லை, ஒன்றும் செய்யாவிட்டால் எந்தப் பொருளும் இருந்த இடத்தில்தானே இருக்கும், பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குடுவை கழுவுகிறவளுக்கு அந்த அளவு விஞ்ஞானமாவது தெரியாதா. ஆனால் கியர் மாற்றத் தேவையில்லாத வண்டிக்கு அந்த விதி கிடையாதாம். டி-யில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அது ஊர்ந்துகொண்டே போகும், சுவர் வந்தாலும் போகும், ஆள் வந்தாலும் போகும். சும்மா இருப்பதற்குத்தான் இதில் காலை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கேட் தாண்டி, பக்கத்து வீட்டு முருங்கை மரம் தாண்டி, சந்து முனையில் திரும்பினேன். பின்சீட்டில், எனக்கு நேர் பின்னால், என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு பை, அதில் போர்வை, மாற்றுச் சட்டை, நான்கு மணி நேரம் படிப்பதற்கு நேற்றைய பேப்பர். ஈரோட்டுக்குப் போகிறோம், முப்பத்தைந்து கிலோமீட்டர், வாரத்தில் மூன்று நாள் அங்கே அவருடைய ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். இன்றைக்குப் புதன்கிழமை, ஒன்றாம் தேதி. அவர் கொடுத்த ஒரு மாதக் கெடு நேற்றோடு முடிந்துவிட்டது, அதைப் பற்றி நேற்று அவரும் பேசவில்லை நானும் பேசவில்லை, காலையில் எழுந்து இட்லி சாப்பிட்டார், வந்து ஏறிக்கொண்டார்.

சௌடேஸ்வரி என் பக்கத்தில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்கிறாள். இருபத்தேழு வயதுப் பெண், கோபியில் ஓட்டுநர் பள்ளியில் பெண்களுக்குக் கற்றுக் கொடுப்பவள், என்னை அக்கா என்பாள், நான் சொன்னது எதற்கும் கோபித்துக்கொண்டதில்லை. பள்ளி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஒரு மாதமாக நான் தப்பு செய்தபோதெல்லாம் அவள்தான் அதை மிதித்திருக்கிறாள். இது எங்கள் சொந்த வண்டி, இதில் அவளுக்குப் பிரேக் இல்லை, நடுவில் இருக்கிற கைப்பிரேக் ஒன்றுதான், மிட்டாயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை அதன் மேல் தயாராக வைத்திருக்கிறாள். எல்.எல்.ஆர். முன்பே போட்டு வைத்திருந்ததால் லைசென்ஸ் போன வாரமே வந்துவிட்டது. லைசென்ஸ் கொடுப்பவர்கள் ஓட்டத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இடது காலை ஓரமாக வைத்துவிட்டு மறந்துவிடச் சொன்னாள் முதல் வகுப்பிலேயே, அதற்கு இந்த வண்டியில் வேலையில்லையாம். மறப்பதற்கு நான் கார் ஓட்டிப் பழகியவளா, கிளட்ச் மிதித்துப் பழகியவர்களுக்குத்தான் அந்தக் கால் துடிக்கும். எனக்கு வந்த வியாதி வேறு. பதினெட்டு வருஷமாக ஸ்கூட்டி ஓட்டுகிறேன். வண்டியை மெதுவாக்கி, நிற்கப்போகிற நேரத்தில் இரண்டு காலையும் எடுத்துத் தரையில் ஊன்றிக்கொள்வேன், சேலை கட்டிக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டுகிற எல்லாப் பெண்களும் அப்படித்தான் நிறுத்துவோம், ஊன்றினால்தான் நின்றது என்று மனசுக்குத் தோன்றும். காரிலும் அதையே செய்கிறேன். பிரேக்கை மிதித்து வண்டி நின்றதும் என் இரண்டு காலும் தானாகக் கிளம்பித் தரையைத் தேடிப் போய்விடுகின்றன, பிரேக்கிலிருந்து கால் எடுபட்டதும் வண்டி ஊர ஆரம்பிக்கிறது, நான் காலடியில் விரித்த மிதியடியை அழுத்தி அழுத்தி ஊன்றிக்கொண்டு இது ஏன் நிற்கமாட்டேன் என்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ சௌடேஸ்வரி சொன்னாள், "உங்களுக்கு எல்லாம் வருதுங்க்கா. நிறுத்துறதுதான் வரல."

நிறுத்துறதுதான் வரல. அதற்கப்புறம் அந்த வார்த்தை என்னை விட்டால்தானே. மாவு அரைக்கும்போது, பள்ளிக்கூடத்தில் அமிலப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும்போது, நிறுத்துறது, நிறுத்துறது. ஏனென்றால் அவர் சொன்னதும் அதே வார்த்தைதான். போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, நான் அவரைக்காய் வேகவைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் காயை இரண்டு தடவை வேகவைத்து இரண்டு தடவையும் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும், சத்தெல்லாம் போய்ச் சக்கையாகத்தான் தட்டுக்கு வரும், அதுதான் அவர் உடம்புக்கு நல்லது. சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்த மாசம் முடியற வரைக்கும் எவன் வண்டியிலயாவது வர்றேன். அப்பறம் நீ ஓட்டுனீன்னா போலாம். இல்லீன்னா நிறுத்திரலாம்." ரத்தம் கழுவுவதை நிறுத்தினால் எத்தனை நாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், டாக்டர் முதல் நாளே விரலை மடக்கிச் சொல்லியிருந்தார். நான் சரிங்க என்றேன். அவரைக்காயை வடித்தேன். ஆவி முகத்தில் அடித்தது. பயமோ அழுகையோ வரும் என்று நின்றேன், எதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பின் கன்னத்தைத் தட்டிப் பார்ப்போமே, அதுபோல என்னை நானே தட்டிப் பார்த்தேன். இவர் இல்லாத வீடு என்று நினைத்துப் பார்த்தேன், வந்ததெல்லாம் காயை ஒரு தடவை வேகவைத்தால் போதும் என்பதுதான். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவருக்கு என் மனசில் எழுந்தது அந்த ஒரு நினைப்பு. அது வந்ததற்கு வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது, வெட்கமும் வரவில்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

கரட்டடிபாளையம் தாண்டிவிட்டோம், ரோடு காலியாக இருக்கிறது, வேகம் நாற்பது. வாய்க்கால் மேல் வெயில் இன்னும் இறங்கவில்லை. கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும் தெரிகிறது, கறுத்து, மாவு பூத்த மாதிரி வறண்டு. இடது கையை மடியில் பை மேல் தனியாக வைத்திருக்கிறார். அந்தக் கையில்தான் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள், அங்கே தொட்டால் உள்ளே இர்ரென்று ஓடுவது தெரியும், அடுத்த வீட்டில் மிக்சி ஓடினால் நம் சுவரில் தெரியுமே, அந்த அளவு. தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு, ஓடினால் சரி, ஓடாவிட்டால் உடனே கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருஷமாகத் தொடுகிறேன், அவரை நான் தொடுவது அது ஒன்றுக்குத்தான், அந்தக் கையில் அவர் ஒரு செம்பு தண்ணீர் தூக்கமாட்டார், ஸ்டியரிங் பிடிக்கமாட்டார், தூங்கும்போதுகூட நெஞ்சின் மேல் எடுத்து வைத்துக்கொள்வார். எங்களுக்குப் பிள்ளையில்லை, ஒரு காலத்தில் அதை ஊரே பேசியது, இப்போது ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது. இருந்தது அவருக்குக் கார், எனக்கு ஸ்கூட்டி. அவருடைய பழைய காரில் ஸ்டியரிங்கை நான் துடைப்பதற்குக்கூடத் தொட்டதில்லை. கியர் இல்லாத வண்டியை யாராவது வாங்கினால், அது நோயாளிக்கும் பொம்பளைக்கும் செஞ்ச வண்டி என்பார் சிரித்துக்கொண்டு. பிறகு அவரே போய் இந்த வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார், அன்றைக்கு நான் அந்தப் பேச்சை ஞாபகப்படுத்தியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிக்கொண்டேன். வாடகை வண்டி வேண்டாம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் ஒரே ஒரு சாயங்காலம். திரும்பி வரும்போது பின்சீட்டில் வாந்தி எடுத்துவிட்டார், ரத்தம் சுத்தம் பண்ணிவிட்டு வந்தால் சில நாள் அப்படி ஆகும். டிரைவர் ஒன்றும் திட்டவில்லை. ரோட்டோரம் நிறுத்தி, மிதியடியை உருவி, டீக்கடை முன்னால் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான், நாலு பேர் கிளாசும் கையுமாகப் பார்த்தார்கள், இவர் வண்டிக்குள்ளே சட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இறங்கிப் போய்க் கழுவியிருக்க வேண்டும். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒத்தக்குதிரை நிறுத்தம் வந்தது, பஸ் ஒன்று நின்றிருந்தது, ஒதுங்கிப் போனேன், நிறுத்த வேண்டியிருக்கவில்லை. நிறுத்தாமலே ஈரோடு வரைக்கும் போய்விட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சௌடேஸ்வரி மிட்டாய்க் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பழகப் பழக வந்துரும், ஸ்கூட்டி ஓட்டறவங்க அத்தனை பேருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும் என்று பின்னால் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அவர் உம் என்றார். பழக்கம் என்று அவள் சொல்கிறாள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஒரு மாதம் ஆயிற்று. மற்ற பெண்களுக்கு எட்டு நாள் பத்து நாளில் போய்விட்டதாம். எனக்கு மட்டும் போகவில்லை. நேராகப் போக வந்தது, திரும்ப வந்தது, பின்னால் எடுத்துக் கேட்டுக்குள் விட வந்தது, இதற்கெல்லாம் முதலில் பயந்தவள் நான். நிறுத்துவது வந்துவிட்டால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று ஆகும். ஓட்டக் கற்றுக்கொண்டால் அவர் வருவார். கற்றுக்கொள்ளாவிட்டால். இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நினைப்பு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும், வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டதா, ஒன்பதாம் வகுப்புக்கு லிட்மஸ் தாள் போதுமா என்று. இன்றைக்குத் திரும்ப வழியில்லை, கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, கண் ரோட்டில் இருக்கிறது. கற்றுக்கொள்ளாவிட்டால் நான் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை, முயற்சி பண்ணினாள், அவளுக்கு வரவில்லை, பாவம் என்பார்கள். என் கால்தான் குற்றவாளி, நான் இல்லை. இதை நான் நினைத்தேனா, இல்லை இப்போதுதான் நினைக்கிறேனா. நினைத்தாலும் மனசு அடித்துக்கொள்ளவில்லை, வேகமானி நாற்பத்திரண்டில் நிற்கிறது, கவுந்தப்பாடி நான்கு கிலோமீட்டர் என்று கல் சொல்கிறது.

கவுந்தப்பாடிக்கு முன்னாலேயே வெல்லப்பாகு வாசனை வந்துவிடும். கண்ணாடியை ஏற்றியிருந்தும் வந்தது. அவருக்கு அந்த வாசனை பிடிக்கும், முன்பெல்லாம் இங்கே வண்டியை ஓரம்கட்டிச் சூடான நாட்டுச்சர்க்கரை வாங்கி இலையோடு கொண்டுவருவார், எனக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவரே தின்பார். நால்ரோட்டில் கூட்டம். எனக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், பெட்டிக்கு வெளியே ஒரு ஆள் நீளத்துக்குக் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, வெட்டுவாய் எல்லாம் எங்கள் பக்கம். டிராக்டர் நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். சரியாகத்தான் மிதித்தேன், கார் நல்ல பிள்ளையாக நின்றது, நடுவில் ஒரு கார் நிற்கிற அளவு இடம் இருந்தது. நின்றதும் என் இரண்டு காலும் கிளம்பித் தரையில் ஊன்றிக்கொண்டன. வண்டி ஊர ஆரம்பித்தது. கரும்பு கிட்டே வந்தது, வெட்டிய இடத்தில் ஈரம் மினுங்கியது, ஒரு கரும்பில் எறும்பு ஓடியது. அக்கா கால், அக்கா கால் என்று சௌடேஸ்வரி சொல்வது கேட்டது. கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. மற்ற நாளெல்லாம் தெரியாது, இன்றைக்குத் தெரிந்தது, தெரிந்தும் கொஞ்ச நேரம் வைக்கவில்லை. ஒரு நொடியோ இரண்டு நொடியோ. பழக்கம் அல்ல அது. எல்லாம் தானாகப் போகட்டும், நான் ஒன்றும் செய்யவில்லையே என்று ஒரு நிம்மதி உடம்பு பூராவும் பரவியது, அந்த மாதிரி நிம்மதியை நான் வருஷக்கணக்காக அனுபவித்ததில்லை. அப்போது என் சீட்டுக்கு அடியில் டொங்கென்று ஒரு இடி. பின்னாலிருந்து. கண்ணாடியில் அவர் முகம் முழுசாக வந்துவிட்டது, வாய் திறந்திருந்தது, கண் பிதுங்கியிருந்தது, செம்பு தூக்காத அந்த இடது கையால் என் சீட்டின் முதுகைப் பற்றிக்கொண்டு, வலது காலால் என் சீட்டின் கீழ் இரும்பை உதைத்து மிதித்துக்கொண்டிருந்தார், முப்பது வருஷம் கார் ஓட்டியவர் இல்லாத பிரேக்கை மிதிக்கிறார். இரண்டாவது இடி விழுந்தபோது என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. சௌடேஸ்வரி கைப்பிரேக்கை இழுத்ததும் அதே நேரம்தான். கரும்புக்கும் முன் கண்ணாடிக்கும் இரண்டு விரல் இடம் இருந்தது.

டிராக்டர் நகர்ந்து கொஞ்ச தூரம் போனபின் சௌடேஸ்வரி, ஸ்கூட்டிப் பழக்கம்ங்க்கா என்றாள், குரல் அவளுக்கு உள்ளே போயிருந்தது. ஆமாம் என்றேன். சித்தோடு வரைக்கும் ஆமாம் ஆமாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். நிறுத்த வேண்டிய இடங்கள் வந்தன, பெரிய ரோட்டைக் கடக்கும்போது ஒன்று, அப்புறம் இரண்டு சிக்னல். மூன்றிலும் நிறுத்தினேன். வலது காலைப் பிரேக்கின் மேல் ஆணி அடித்த மாதிரி வைத்திருந்தேன், இடது கால் ஓரமாகக் கிடந்தது. வந்துவிட்டது, நிறுத்துவது எனக்கு வந்துவிட்டது, இவ்வளவுதானா அது. அவர் நிறுத்திரலாம் என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று இத்தனை நாள் என்னையே கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேனே தவிர, சொன்னவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா. கெஞ்சத் தெரியாத மனுஷன். என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், வாய் வராது, அதனால் கெடு வைத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், கன்னம் சூடாகிற கோபம். கெடு வைத்த மனுஷன் எதற்கு ஐயா சீட்டை உடைக்கிற மாதிரி மிதித்தீர்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் புதுக் கட்டடம் கட்டுகிறார்கள், கார் நிறுத்துகிற இடமெல்லாம் ஜல்லி. வண்டியை நிறுத்தி, பி-யில் போட்டு, சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தேன். சௌடேஸ்வரி டீ குடிச்சுட்டு வந்துடறேன் என்று இறங்கிப் போய்விட்டாள், விவரமான பெண். நான் இறங்கவில்லை. வலது காலைப் பிரேக்கிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. அவர் பின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நேரமாகிறதே, போங்க என்றேன். போவோம் என்றார்.

"செருப்பு பிஞ்சு போச்சு புள்ள."

எப்படி என்று கேட்டேன், திரும்பாமல்.

"பிரேக்கு போட்டேன்."

"பின்னாடி ஏதுங்க பிரேக்கு?"

"இல்லதான்," என்றார். ஜல்லி மேல் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டு போனது. பிறகு, "பயந்துட்டேன்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, ஒரு வருஷமாக வாரம் மூன்று நாள் கையில் இரண்டு ஊசி குத்தும்போதுகூடக் கேட்டதில்லை. இனிமேல் சொல்லாமல் வைத்திருக்க என்னால் ஆகாது.

"அது பழக்கம் இல்லீங்க. கால எங்க வெக்கோணும்னு எனக்குத் தெரிஞ்சுது. நாந்தான் வெக்கல."

அவர் பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரியும். கண்ணாடில உன்ற மூஞ்சியப் பாத்தேன்."

பிறகு குனிந்து என் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். நான் வெறுங்காலோடுதான் ஓட்டுவேன், என் ரப்பர் செருப்பு இரண்டும் அங்கேதான் கிடந்தன, வாரில் மஞ்சள் பூப் போட்டவை. அதை இழுத்துக் காலில் மாட்டிக்கொண்டார். குதிகால் இரண்டும் வெளியே இருந்தன. இறங்கி, என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து நின்றார், என்னைப் பார்க்கவில்லை, லாரியைப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம ஆறு மணிக்கே கெளம்பிரலாம். கவுந்தப்பாடில கூட்டம் இருக்காது."

சொல்லிவிட்டு ஜல்லி மேல் நடந்தார். வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் அவர் காலைப் பார்த்தார்கள், அவர் நிதானமாக அவர்களைத் தாண்டி மாடிப்படி ஏறினார். ஒவ்வொரு படியிலும் செருப்பு கழன்று கழன்று வந்தது, நின்று மாட்டிக்கொண்டு ஏறினார். எனக்கு அழுகை வந்தது. டீ குடித்துவிட்டு வந்த சௌடேஸ்வரி என்னங்க்கா ஆச்சு என்று கேட்டாள், கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னேன்.